கூட்டாமல் குறைக்காமல்

ஜனவரி 9

என் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று ஒரு விசா அதிகாரி இன்று எனக்கு எழுதி அறிவித்திருக்கிறார். அம்மா உயிரோடு இருந்தால், “அதைச் சொல்ல அவர் ஆர்?” என்று கேட்டிருப்பார். நான் அப்படியெல்லாம் கேட்கவில்லை. நல்ல ஆங்கிலம் என்றுதான் முதலில் நினைத்தேன். தொழில்புத்தி போகாது.

ரொறொன்ரோவில் அகதி விசாரணைகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே கதிரை போட்டு இருப்பவன் நான். மொழிபெயர்ப்பாளன். ஒவ்வொரு விசாரணைக்கு முன்னும் எழுந்து நின்று, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்கிறேன். மற்றவர்களை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அறைகளில் பதினொரு வருடம் இருந்தவனுக்கு, தன்னையும் ஒருநாள் நம்பமாட்டார்கள் என்ற யோசனை வந்ததே இல்லை.

அதிகாரி மறுத்ததற்குக் காரணம் இதுதான். சுகிர்தாவுக்கும் எனக்கும் யாழ்ப்பாணத்தில் பதிவாகிப் பத்து மாதம் கழித்து நான் அவளைப் பார்க்க மறுபடி போனேன். மூன்று கிழமை நின்றேன். நின்றது அவள் வீட்டில் அல்ல, கொக்குவிலில், சின்னம்மா வீட்டில். “பதின்மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த கணவர் கடைசி மூன்று கிலோமீட்டரை ஏன் கடக்கவில்லை என்பது விளக்கப்படவில்லை.” இந்த வசனத்தை எழுதியவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் முதலில் எழுத்து. பதிவாளர் வீட்டுக்கு வந்து கையொப்பம் வாங்கி, பலகாரம் சாப்பிட்டுப் போவார். சட்டப்படி அன்றைக்கே புருஷன் பெண்சாதி. ஆனால் தாலி ஏறும்வரை மாப்பிள்ளை தன் வீட்டில், பொம்பிளை தன் வீட்டில். தாலிக்கும் நாள் வைத்திருந்தோம். எழுத்து முடிந்து மூன்றாம் கிழமை இங்கே அப்பா கண்ணை மூடிவிட்டார். ஒரு வருடத்தில் வரும் ஆட்டைத்திவசம் முடியும்வரை வீட்டில் நல்ல காரியம் கிடையாது. தாலி கட்டாத மாப்பிள்ளை பொம்பிளை வீட்டில் படுத்தெழும்பினால் ஊர் என்ன சொல்லும்?

இதில் ஒரு வரிகூட விண்ணப்பத்தில் எழுதவில்லை. இது தெரியாத மனிதர் உலகத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் சோறு தின்பதே அந்த மனிதர்களுக்கு எங்கள் ஆட்களின் பேச்சைச் சொல்லித்தான்.

ஜனவரி 10

காலையில் சுகிர்தாவை அழைத்தேன். அங்கே பின்னேரம். பின்னால் வழக்கம்போல அவளுடைய அண்ணர் சிறிகாந்தன் ரிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். விசா மறுத்துவிட்டார்கள் என்றேன்.

“அப்ப இப்போதைக்கு அவசரமில்லை, என்ன?” என்றாள்.

எவ்வளவு பொறுமையான பெண். நான் அவளைத் தேற்ற எடுத்தேன், அவள் என்னைத் தேற்றுகிறாள்.

ஜனவரி 18

முற்றத்துப் பனியை அள்ளிக் கொட்டினேன். நான் குடியிருப்பது பொன்னுத்துரை அண்ணையின் வீட்டு பேஸ்மென்டில். பனி அள்ளுவது வாடகையோடு சேர்ந்த தொண்டு. அண்ணையும் மலர் அக்காவும் மேலே கூப்பிட்டுக் கோப்பி தந்தார்கள். செய்தி எனக்கு முன்பே படியேறிவிட்டது.

“நான் எண்பத்தாறில வந்தனான், ஒரு சிங்கப்பூர்க்காரன்ர பாஸ்போட்டில,” என்றார் அண்ணை. “அண்டைக்கு நாங்கள் ஒழுங்கா வந்தம். இப்ப வாறதுகள் முழுக்கப் பொய்யெல்லோ சொல்லிக்கொண்டு வருதுகள். அதாலதான் உன்னைப்போல ஆக்களுக்கும் கஷ்டம். போடரை இறுக்கத்தான் வேணும்.”

நான் சிரிக்கவில்லை. குடியிருப்பவன் வீட்டுக்காரரின் அரசியலைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அதோடு, சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? பஸ்ஸில் தொங்குகிறவன், உள்ளே தள்ளி நில்லுங்கோ என்று கத்துவான். அவனே ஒரு காலை உள்ளே வைத்ததும், இனி இடமில்லை, றைற் என்பான். நானும் அந்தப் பஸ்ஸில் வந்தவன்தான். வாசலில் காவல் இருப்பது நியாயம் என்று போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் நீளமாகப் பேசியிருக்கிறேன். கைகூடத் தட்டினார்கள்.

மலர் அக்கா எழுத்துப் படங்களைப் பார்த்தார். எனக்கும் சுகிர்தாவுக்கும் நடுவில் எல்லாப் படத்திலும் சிறிகாந்தன் இருக்கிறார். அதிகம் சிரித்திருப்பவர் பதிவாளர்.

“ஒண்டிலயாவது தோளில கை போட்டிருக்கலாமே தம்பி. வெள்ளைக்காரர் அதைத்தானே பாப்பினம். ஒருக்காப் போய் நுவரெலியாவில ரெண்டு நாள் நிண்டு படம் எடுத்துக்கொண்டு வா.”

“அது நடிப்பெல்லோ அக்கா.”

“பின்ன? கலியாணப் படம் எண்டாலே நடிப்புத்தானே.”

பெப்ரவரி 2

சட்டத்தரணி அபிராவிடம் போனேன். மேன்முறையீட்டை அவர்தான் எடுத்து நடத்துகிறார். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவார், கொஞ்சம் வழுக்கி வழுக்கி. என்னை அங்கிள் என்கிறார். எனக்கு நாற்பத்தொன்று.

எங்கள் வட்ஸப் உரையாடல் முழுவதையும் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். கட்டு கனமாகத்தான் இருந்தது. அவர் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

“அங்கிள், நீங்கள் பந்தி பந்தியா எழுதியிருக்கிறீங்கள். அவ எல்லாத்துக்கும் ‘ம்’ எண்டு மட்டும் போட்டிருக்கிறா.”

“அது ஒரே ‘ம்’ இல்லைப் பிள்ளை. இது சம்மதம். இது வெட்கம். இந்தா, இது சந்தோசம்.”

“இது?”

பார்த்தேன். நீர் இங்கே வந்தால் நயாகரா பார்க்கலாம், ரொறொன்ரோ கோயில் தேர் பார்க்கலாம் என்று நான் ஒரு பக்கம் எழுதியதற்கு வந்த ‘ம்’. “இது... வேலைக் களைப்பு,” என்றேன்.

சொந்த வழக்கை நானே மொழிபெயர்க்கக் கூடாதாம். வெளியே யாரோ ஒருவர் உட்கார்ந்து இத்தனை ‘ம்’மையும் ஆங்கிலத்தில் போடப்போகிறார். அவர் ஒவ்வொன்றையும் அப்படியே ‘ம்’ என்றுதான் போடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

பெப்ரவரி 3

இருபத்தொன்பது வயதுப் பெண் நாற்பத்தொரு வயதுக்காரனை அங்கிள் என்பதற்குச் சட்டத்தில் ஏதும் பரிகாரம் உண்டா என்று அந்தச் சட்டத்தரணியிடமே கேட்க முடியாது.

மார்ச் 5

இன்று வேலை. அகதி அந்தஸ்து கேட்டு வந்த யாழ்ப்பாணப் பெடியன் ஒருவனின் விசாரணை. உயிருக்குப் பயந்து ஓடியவன் கொழும்புக்குப் போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்திருக்கிறான். உண்மையாகப் பயந்தவன் ஏன் வழியில் இறங்கினான் என்று கேட்டார்கள். “எல்லாரும் இறங்கிறதுதானே,” என்றான். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டவர் பேனையால் ஏதோ குறித்தார்.

அந்த வழியாகப் போகிற எந்த வாகனமும் அந்தப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகாது. பயந்தவன்தான் முதலில் இறங்குவான். எனக்குத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான், பேச உரிமை இல்லாத ஒரே ஆளும் நான்தான். கேட்காததைச் சொன்னால் கூட்டியதாகிவிடும்.

மத்தியானம் வாங்கிய மட்டன் றோல்ஸ் இரண்டும் பைக்குள்ளேயே இருந்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன.

மார்ச் 20

நேற்று அபிரா ஒரு வழி சொன்னார். அப்பாவின் ஆட்டைத்திவசம்தான் முடிந்துவிட்டதே, போய்த் தாலியைக் கட்டுங்கள், மண்டபம், மேளம், இருநூறு பேர், படங்கள். விசாரணைக்கு அது நல்ல பலம்.

எனக்கும் ஆசைதான். வேட்டியை எடுத்து வெயிலில் போடலாமா என்றுகூட யோசித்தேன், பேஸ்மென்டில் வெயில் இல்லை. காலையில் சுகிர்தாவிடம் சொன்னேன்.

“விசாவுக்கு எண்டு தாலி வேண்டாம்,” என்றாள்.

“விசாவுக்கு எண்டில்லை. எப்படியும் கட்டத்தானே போறம்.”

“கட்டினா கட்டினதுதான். பிறகு கழட்டேலாது.”

எவ்வளவு பாரம்பரியமான சிந்தனை! தாலியின் புனிதத்தை இந்தக் காலத்திலும் இப்படி மதிக்கிற பெண் கிடைப்பது அபூர்வம் என்று அபிராவிடம் சொன்னேன். அபிரா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “அங்கிள், அவவுக்கு இஞ்ச வர விருப்பம்தானே?” என்றார்.

என்ன கேள்வி.

ஏப்ரல் 12

விசாரணையில் கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்பார்கள், பதில் பொருந்த வேண்டும். வழக்கமாகக் கேட்பதை எல்லாம் சுகிர்தாவுக்கு வாசித்தேன். பொய் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியம் செய்யும் தொழில் செய்பவன் அதைச் செய்யமாட்டான். உண்மையைக் கொஞ்சம் அடுக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

“கட்டிலில நான் எந்தப் பக்கம் படுக்கிறனான்?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

“இடப்பக்கம். கேட்டா இடப்பக்கம் எண்டு சொல்லும்.”

“நான் பாக்கேல்லையே.”

“நான் சொல்லுறன்தானே.”

“அப்ப நீங்கள் சொன்னனீங்கள் எண்டு சொல்லட்டோ?”

பின்னாலிருந்து சிறிகாந்தன் குரல் வந்தது. “அவர் சொல்லுறதைப் பாடமாக்கன் பிள்ளை. உனக்கென்ன வாய்?” ரிவிச் சத்தத்தை யாரோ கூட்டினார்கள். சுகிர்தா, “சரி, இடப்பக்கம்,” என்றாள்.

உண்மையில் நான் குறுக்கே படுப்பவன். ஆள் இல்லாத கட்டிலில் பக்கம் ஏது?

ஏப்ரல் 27

அலுமாரியில் பாதியை அவளுக்கு என்று காலியாக்கினேன். என் உடுப்புகள் மற்றப் பாதிக்குள் தாராளமாக அடங்கிவிட்டன. இன்னும் கொஞ்சம் இடம்கூட மிஞ்சியது. வந்து இருபது வருடத்தில் நான் சேர்த்த வாழ்க்கை அரை அலுமாரிக்குப் போதவில்லை. வெறும் தட்டுகளைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன நிறத்தில் சீலை உடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை. தேரையும் நயாகராவையும்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 19

மனைவி இல்லாமல் இரண்டு தலையணை வாங்கினால் கடைக்காரப் பெண் ஒன்றும் கேட்கமாட்டாள். அரசாங்கமும் அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஜூன் 3

நாளைக்கு விசாரணை. இங்கே காலை, அங்கே பின்னேரம், திரையில் நடக்கும். இந்த நகரத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால் வன்கூவரிலிருந்து ஒருவரைப் போட்டிருக்கிறார்கள்.

சிறிகாந்தன் தானே அழைத்தார். “யோசியாதேங்கோ அத்தான். நான் பக்கத்தில இருந்து பாத்துக்கொள்ளுறன்.” சாட்சி சொல்பவருடன் அறையில் யாரும் இருக்கக் கூடாது, அபிரா கண்டிப்பாகச் சொன்னவர் என்றேன். “அப்ப அவள் தனியவோ கதைக்கப்போறாள்?” என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

யோசித்துப் பார்த்தால், சுகிர்தா தனியே பேசி நானும் கேட்டதில்லை.

ஜூன் 4

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தீர்ப்புச் சொல்பவரை மன்றில் உறுப்பினர் என்பார்கள். நரைத்த கூந்தலை இழுத்துக் கட்டிய பெண்மணி. எதிரே அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர், மெலிந்த இளைஞர். திரையின் ஒரு மூலையில் வன்கூவரிலிருந்து மொழிபெயர்ப்பாளர் திருமதி அரியநாயகம். குங்குமப் பொட்டு, மூக்குக் கண்ணாடி, எங்கள் எல்லாருடைய பெரியம்மாவுக்கும் இருக்கும் முகம்.

முதலில் நான். ஆங்கிலத்திலேயே சொல்வேன், எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றேன். திமிர்தான். கடைசி மூன்று கிலோமீட்டரை ஏன் கடக்கவில்லை என்று இளைஞர் கேட்டார். எழுத்தில் தொடங்கி, தாலி, சாவுத் துடக்கு, ஆட்டைத்திவசம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பதினொரு வருடம் அடக்கி வைத்த விளக்கம் எல்லாம் வந்தது. முறிகண்டிப் பிள்ளையாரைக்கூட எங்கேயோ செருகப் பார்த்தேன். அபிரா இருமினார். “ஐயா, நீங்கள் சாட்சி சொல்வது நிபுணராகவா, கணவராகவா?” என்று இளைஞர் கேட்டார். உறுப்பினர் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தார்.

மனைவியைப் பிடித்திருக்கிறது என்று எப்போது தெரிந்தது என்று கேட்டார்கள். அதற்கு நான் ஆயத்தம் செய்த பதில் ஒன்று இருந்தது, நல்ல பதில். ஆனால் வாயில் வந்தது, “அலுமாரியில் பாதியைக் காலியாக்கின அன்று.” அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பிறகு சுகிர்தா. கத்தரிப்பூ நிறச் சீலை. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அவள் திரும்பி, “அண்ணா, போங்கோ,” என்றாள். கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

கல்யாணம் எப்படிப் பேசினது? “அண்ணர் பேசினவர். எல்லாம் முடிஞ்சாப்போலதான் எனக்குச் சொன்னவை.” திருமதி அரியநாயகம் அதைச் சரியாகத்தான் சொன்னார். கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்? “இடப்பக்கம் எண்டு சொல்லச் சொன்னவர். நான் பாக்கேல்லை.” அபிரா கண்ணை மூடிக்கொண்டார். நான் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இளைஞர் கேட்டார்: “உங்கள் கணவரை நேசிக்கிறீர்களா?”

சுகிர்தா சொன்ன பதிலை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

“எனக்கு இன்னும் தெரியாது. நல்ல மனிசன். கோவிக்க மாட்டார், கனக்க எழுதுவார். ஆனா விருப்பமோ எண்டு கேட்டா, ஒரு வீட்டில ஒரு கிழமை எண்டாலும் ஒண்டா இருந்து பாத்தாத்தானே சொல்லலாம். அதுக்கு நீங்கள்தானே விடுறியள் இல்லை. விடாம வைச்சுக்கொண்டு, விருப்பமோ எண்டு என்னட்டயே கேக்கிறியள்.”

திருமதி அரியநாயகம் கண்ணாடியைச் சரிசெய்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: “ஆம். அவர் மிக நல்ல மனிதர். நாங்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.”

அழகான ஆங்கிலம். வழக்கை வெல்லும் ஆங்கிலம். அந்த அம்மாவை நான் குறைசொல்ல மாட்டேன். முகம் தெரியாத ஒரு பெட்டையின் வாழ்க்கை ஒரு வசனத்தால் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இளைஞர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். உறுப்பினரும் குறித்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். அந்த வித்தையில் எனக்கு வேண்டிய மட்டும் பழக்கம் உண்டு.

நான் எழும்பி நின்றேன்.

“மன்னிக்க வேண்டும். சாட்சி சொன்னது அதுவல்ல.”

அபிரா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். உறுப்பினர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்துகொண்டே சொன்னேன், நானும் இதே தொழில்தான், அந்தப் பதிலில் விடுபட்டதும் உண்டு, கூட்டியதும் உண்டு, தயவுசெய்து மறுபடி கேளுங்கள்.

“விடுபட்டது உங்களுக்குச் சாதகமானதா?” என்று உறுப்பினர் கேட்டார்.

“இல்லை.”

“உங்கள் சட்டத்தரணியோடு பேச விரும்புகிறீர்களா?”

“இல்லை. அவர் பேச விடமாட்டார்.”

இதை நேர்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாதி பழக்கதோஷம். மற்றப் பாதி இது: சுகிர்தா என் காதில் விழச் சொன்ன முதல் நீளமான பேச்சு அது. இத்தனை மாதம் ‘ம்’மை வைத்துக்கொண்டு உயிர் வாழ்ந்தவனுக்கு அப்படி ஒன்று கிடைக்கிறது, அதை இன்னொருவர் பாதியாகக் கத்தரித்து வேறொன்றாகத் தைத்துக் கொடுக்கிறார். பொறுக்க முடியவில்லை.

மறுபடி கேட்டார்கள். சுகிர்தா மறுபடி சொன்னாள், அதே குரலில், அதே ஒழுங்கில். திருமதி அரியநாயகம் இந்த முறை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். ‘எனக்கு இன்னும் தெரியாது’ என்பதை நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன், இரண்டு மொழியிலும். எந்த மொழியிலும் நோகாமல் இல்லை.

அரை மணி இடைவேளை என்றார்கள். அபிரா கோப்பி வாங்கி வந்தார். தனக்கு மட்டும்.

திரும்பி வந்ததும் உறுப்பினர் அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். விசாவுக்காகச் செய்த கல்யாணமா என்பதுதான் கேள்வி. அப்படியானால் பொய் சொல்ல இவர்களுக்கு இன்று எல்லா வசதியும் இருந்தது. பொய் தயாராக மேசைக்கே வந்தது. மனைவி அதைச் சொல்லவில்லை, கணவர் அதை ஏற்கவில்லை. “நேசிக்கிறேன் என்று இந்த அறையில் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனைவி நேசிக்கவில்லை என்பதைப் பதிவில் ஏற்றப் போராடிய கணவரை இன்றுதான் பார்க்கிறேன்.” மேன்முறையீடு அனுமதிக்கப்படுகிறது.

அபிரா என்னைக் கட்டிப்பிடித்தார். “நீங்கள் விசரா அங்கிள்?” என்றார். இந்த ஒருமுறை அங்கிள் பொருத்தமாகத்தான் இருந்தது.

திரையைப் பார்த்தேன். சுகிர்தா ஏற்கனவே போய்விட்டாள்.

ஜூன் 5

அவளே அழைத்தாள். இது முதல் தடவை. மொட்டைமாடியில் நின்று பேசுகிறேன் என்றாள். ரிவிச் சத்தம் இல்லை, காகம்தான் கத்திக்கொண்டிருந்தது.

“அந்த அம்மா நல்லாத்தானே சொன்னவ. நீங்கள் ஏன் திருத்தினீங்கள்?”

“உமக்கு இங்கிலிஸ் விளங்கினதோ?”

“நான் எட்டு வருசமா ஆஸ்பத்திரி லாப்பில வேலை. ரிப்போட் எல்லாம் என்ன தமிழிலயோ எழுதுறம்? மொழிபெயர்ப்பு வேணும் எண்டு உங்கட லோயர்தானே போட்டவ. நீங்களும் என்னட்டக் கேக்கேல்லை.”

கேட்கவில்லைத்தான். அவளிடம் நான் கேட்காததைக் கணக்கெடுத்தால் அந்த வட்ஸப் கட்டைவிடப் பெரிதாக வரும்.

“அப்ப நீரே திருத்தியிருக்கலாமே.”

“திருத்தத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ள நீங்கள் எழும்பினீங்கள். எழும்பாம இருந்திருந்தா, நான் நேற்றே வரமாட்டன் எண்டு சொல்லியிருப்பன்.”

கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

“இப்ப?”

“இப்பவும் தெரியாது. ஆனா இப்பதான் எனக்கு யோசிக்க ஒரு விசயம் கிடைச்சிருக்கு. முந்தி எல்லாரும் யோசிச்சு முடிச்சிட்டினம், எனக்கு ஒண்டும் மிச்சமில்லை.”

பிறகு அவள் என்னைக் கேட்கத் தொடங்கினாள். வேலையில் எதைக் கேட்டால் அழுகை வரும், தனியே என்ன சமைப்பேன், அப்பா சாகும்போது பக்கத்தில் இருந்தேனா. வேலைக்குப் பிந்திவிட்டேன். அவளைக் கேள்வி கேட்டவர்களுக்கு அவள் கேட்கத் தெரிந்தவள் என்பது தெரியாது. எனக்கும்தான் தெரியாது.

ஜூன் 29

தினமும் பேசுகிறோம். சில நாள் சண்டை. கோயில் தேர் பார்க்க விருப்பமில்லையாம், சனக்கூட்டம் பிடிக்காதாம். அந்த ‘ம்’ வேலைக் களைப்பு இல்லை என்பதைப் பதிவில் திருத்திக்கொள்கிறேன்.

ஓகஸ்ட் 21

விசா வந்துவிட்டது. சுகிர்தா கடவுச்சீட்டைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். நான் கைதட்டினேன், மேலே மலர் அக்கா என்னவோ ஏதோ என்று நிலத்தைத் தட்டினார்.

“வாறன்,” என்றாள் சுகிர்தா. “ஆனா ஒரு விசயம். வந்து இருந்து பாத்து, பிடிக்காட்டி நான் திரும்பிவிடுவன். அண்ணர் கத்துவார், கத்தட்டும். திரும்பிப் போறதுக்கு ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லைத்தானே?”

“தேவையில்லை. கடவுச்சீட்டு உம்முடையது.”

“உங்களிட்ட?”

ஒரு பெண் ஒரு நாட்டுக்குள் வரலாமா என்று கேட்க எத்தனை பேருக்கு அதிகாரம் இருந்தது என்பதை இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் போகலாமா என்று கேட்கும் அதிகாரத்தையாவது யாரும் எடுக்காமல் இருக்கட்டும். இதை எல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை. பிரசங்கத்துக்கு இருமுவதற்கு அபிரா பக்கத்தில் இல்லை.

“என்னட்டயும் தேவையில்லை,” என்றேன்.

ஓகஸ்ட் 23

எக்ளின்ரன் தெருவில் உள்ள பயண முகவரிடம் போனேன். எல்லாத் தமிழருக்கும் அவர்தான் ரிக்கற் போடுவார். விசா வகையைப் பார்த்துவிட்டு, “ஒன்வே தானே அண்ணை?” என்று தட்டத் தொடங்கினார்.

“இல்லை. ரிட்டேண்.”

“வந்து இருக்கப்போற ஆளுக்கு ஏன் அண்ணை ரிட்டேண்? வீண்செலவு.”

“போடும்.”

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போட்டார். “திரும்பிப் போற திகதி?”

“அதை அவ போடுவா.”

வெளியே வந்து காருக்குள் ஏறி, சாவியைப் போடாமல் இருந்தேன். அவள் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பயப்படும் அளவுக்கு எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. இதைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்று எந்த அதிகாரியும் இல்லை, நானே எழுதிவைக்கிறேன்.